பச்சை இலை தின்ற மதியம்

இலையைக் கத்தியால் வெட்டக் கூடாதாம். வெட்டினால் ஓரம் கறுத்துவிடுமாம், கையால்தான் கிழிக்க வேண்டுமாம். என் மகள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிழிப்பதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவளுடைய ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டை அட்டையோடு சேர்த்து ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்தவள் நான்.

அதை நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு லெட்யூஸ் இலையைக் கிழித்தேன். அந்த நாலு நாளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஏனென்றால் அந்த நாலு நாளும் எனக்குப் பரீட்சை.

விஷயம் இதுதான். மகள் நகரத்துக்குள் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல் வேலை பார்ப்பவள். அடுப்புப் பக்கமே போகாத சமையல் அது. சாலட், பழம், குளிர்ந்த பதார்த்தங்கள் மட்டும் செய்கிற பிரிவு. பிரசவத்துக்காக வேலையை விட்டிருந்தாள். குழந்தைக்குப் பதினாலு மாதம் ஆனபோது ஹோட்டலிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. அவர் பக்கத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவர்கள் குடியிருக்கும் மேனாம்பேட்டில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. அதை விட்டால் கோவில்பதாகையில் நான் இருக்கிறேன். காப்பகமா, அம்மாவா என்று முடிவு செய்யத்தான் புதன்கிழமை பையும் குழந்தையுமாக வந்து இறங்கினாள். "பாப்பா உன்கூட கொஞ்சம் பழகட்டும்மா" என்று மட்டும்தான் சொன்னாள். பழகுவதற்குக் குழந்தை போதுமே, இவள் எதற்கு நாலு நாள் லீவு போட்ட மாதிரி கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்? என்னை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியாமலில்லை.

எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. முட்டி வலியால் நானும் வேலையை விட்டுவிட்டேன். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்தால் அதற்கப்புறம் வீட்டில் மிக்சி சத்தம்கூட இல்லை. ஒருத்திக்கு எதற்கு மிக்சி? அந்தப் பெண் குழந்தை என் மடியில் ஏறி மூக்கைப் பிடித்து இழுக்கும்போது எனக்கு உயிர் வந்தது.

தருவதற்கு மகள் ஏன் யோசித்தாள் என்றால், நான் அடிக்கிறவள். இப்போது அடிக்க ஆள் இல்லாததால் அடிக்காமல் இருப்பவள்.

ஆவடியில் கணவர் வேலை பார்த்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருபது வருடம் இருந்தோம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். நான் மகளை வெளுத்து வாங்க ஆரம்பித்தால் அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். என்னைத் தடுக்க ஒருத்தரும் வந்ததில்லை, காது மட்டும் கொடுத்தார்கள். கணவர் திருநெல்வேலிக்காரர், சாது. நான் கையை ஓங்கிய உடனே வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அங்கிருந்தபடியே, "எட்டி, போதும் விடு. பிள்ள செத்துரப் போவுது" என்பார். உள்ளே வந்து என் கையைப் பிடித்ததே இல்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் தோழிகளோடு உட்கார்ந்து பப்ஸ் தின்றிருக்கிறாள். பார்த்தவர் யாரோ வந்து சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு கரண்டியை அவள் முழங்கைக்குக் கீழே வைத்தேன். வைத்தேன் என்று எழுதுவதுகூடப் பொய். அடித்தேன், இரண்டு முறை. தோல் கரண்டியோடு வந்தது. அவள் கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாள். அந்தச் சத்தத்துக்கு நான் இன்னும் கோபப்பட்டு மூன்றாவது முறை ஓங்கினேன். பப்ஸ் தின்றதற்கு இது.

சனிக்கிழமை சாயந்தரம் கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். "பிள்ளையை அடிச்சேன் சாமி" என்பேன். பரிகாரமாக அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார் சாமியார். முழங்காலிட்டுச் சொல்லிவிட்டு லேசாகி வீட்டுக்கு வருவேன். திங்கட்கிழமை மறுபடியும் கை நீளும். எதால் அடித்தாய், எங்கே அடித்தாய் என்று அவர் கேட்டதில்லை, நானும் விவரம் சொன்னதில்லை. அடித்தேன் என்ற ஒரு வார்த்தைக்குள் கரண்டியும் அடங்கிப்போனது.

காரணம் சொல்ல வேண்டுமானால் என்னிடம் நிறைய இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். நாற்பது பெண்கள், நாற்பது மெஷின். மேலே இருப்பவன் என்னைத் திட்டுவான், நான் அவர்களைத் திட்டுவேன். தொண்டை வறண்டு, கால் வீங்கி, ரயிலில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தால் அங்கே இவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சுர்ரென்று ஏறும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாற்பது பெண்களில் ஒருத்தியைக்கூட நான் தொட்டதில்லை. தொட்டால் அன்றைக்கே கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆக, கோபத்தை அடக்க எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வீட்டில் அடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பதினேழு வயதில் மகள் ஒரு நாள் என் மணிக்கட்டை அந்தரத்தில் பிடித்தாள். "இன்னொரு வாட்டி கைய வெச்சினா, ஒடச்சிடுவேன்" என்றாள். பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கி இரத்தம் வந்தது. அந்த வருடமே கேட்டரிங் படிப்பு, ஹாஸ்டல் என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் நல்ல மரியாதையாகப் பழகினோம். பண்டிகைக்கு வருவாள், புடவை எடுத்துத் தருவாள். பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

புதனிலிருந்து சனி வரை நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். குழந்தை கேழ்வரகுக் கஞ்சியை என் முகத்தில் துப்பியது, சிரித்தேன். ஷோகேஸில் இருந்த மாதா சுரூபத்தைத் தள்ளி மூக்கை உடைத்தது, "போனா போவுது, என் ராசாத்தி" என்றேன். வியாழக்கிழமை, கொதிக்கும் பாலை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் புடவையைப் பிடித்து இழுத்தது. என் வலது கை தானாக எழும்பியதை நானே பார்த்தேன். எழும்பிய கையைக் கொண்டுபோய்த் தலைமுடியைக் கோதிக்கொண்டேன். மகள் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு நல்ல மனநிலை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதால், ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் தின்கிற இத்தாலி சாலட் செய்து தருகிறேன் என்றாள். அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் பெரிய கடையிலிருந்து முதல் நாளே இரண்டு லெட்யூஸ் வாங்கி வந்திருந்தாள். முட்டைக்கோஸ் என்று நினைத்து எடுத்தேன், கையில் கனமே இல்லை.

"இத எத்தன விசில் உடணும்?" என்றேன்.

"விசிலா? பச்சையா துன்றதும்மா."

"பச்சையாவா? நான் இன்னா ஆடா?"

"ஆடு சக்கர இல்லாம நல்லாத்தான கீது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் ஒரே சமையலறையில் ஒரே நேரத்தில் சிரித்தோம். பரீட்சையில் தேறிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அதில் ஒன்றுமே இல்லை என்று சொன்னாள். இலை, உப்பு, வினிகர், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். தக்காளி வெங்காயம்கூட வேண்டாம். வினிகர் இருந்தது, உப்பு இருந்தது. எண்ணெயைத்தான் அவள் வாங்க மறந்துவிட்டாள். "அதுக்கு ஏன் கடைக்குப் போற? ஊட்லயே கீதே" என்று பீரோவைத் திறந்து, குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்திருந்த குட்டி பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அதன் மேலும் ஆலிவ் ஆயில் என்றுதான் எழுதியிருந்தது. எங்கள் பக்கம் ஆலிவ் எண்ணெய் என்றால் குழந்தை உடம்புக்கு, அல்லது சாமியார் மந்திரித்துக் கொடுத்தால் நெற்றிக்கு. அதை வாயில் போடலாம் என்று யாருக்குத் தெரியும்? மகள் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, "மேலுக்கு மட்டும்னு போட்டுகீதும்மா. என்ன கொல்லப் பாத்தியா?" என்றாள். பிறகு அவளே தெருமுனைக்குப் போய், ஒரு கடையில் இல்லை, அடுத்த கடையில் இல்லை என்று அலைந்து, நல்லதாக ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். நான் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு தாளித்துக் கொட்டிவிடலாம் என்று சொல்லிப்பார்த்தேன். என்னை அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்துப்போனது.

கிழித்த இலையைத் தண்ணீரில் முக்கி அலசினோம். இனிமேல்தான் முக்கியமான வேலை என்றாள். இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் எண்ணெய் ஒட்டாது, எல்லாம் வழிந்து அடியில் நிற்கும். ஹோட்டலில் அதற்கென்று சுற்றும் கூடை இருக்கிறது. வீட்டில் என்றால் துண்டில் மூட்டை கட்டிச் சுழற்ற வேண்டியதுதான். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துப் பாதி இலையை அதில் கொட்டினாள். நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். சமையலறையின் பின்வாசலில் நின்று தலைக்கு மேல் விர்ரென்று சுற்றினாள். தண்ணீர் சிதறி என் முகத்தில் பட்டது, குழந்தை முகத்தில் பட்டது. குழந்தை கைகொட்டிச் சிரித்தது. உலர்ந்த இலையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பெரிய பாத்திரம் அது, ஷோகேஸை விட்டு இறங்கியதே இல்லை. அன்றைக்கு அவள்தான் இறக்கினாள்.

"மீதிய நீ சுத்து" என்று துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, நழுவி ஓடிய குழந்தையைத் தூக்கப் போனாள்.

நான் மிச்ச இலையைத் துண்டில் கொட்டி மூட்டை கட்டினேன். துண்டு நனைந்து கனத்திருந்தது. ஒரு தடவை முறுக்கிப் பிடித்துக் கையைத் தோளுக்கு மேல் ஓங்கினேன். அதே நேரம் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவள் குனிந்தாள். யோசித்துக் குனியவில்லை. முதுகை எனக்குக் காட்டி, குழந்தையின் தலையைத் தன் மார்புக்குள் அமுக்கி, இன்னொரு கையால் தன் காதை மூடிக்கொண்டு, சுவரோடு சுவராகச் சுருண்டாள். இருபத்தெட்டு வயதுப் பெண், ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் சாலட் போடுகிறவள், அடுப்படி மூலையில் பத்து வயதுப் பிள்ளை மாதிரி நின்றாள்.

ஈரத் துண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. கரண்டித் தழும்பைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பயம். துண்டை நனைத்து முறுக்கி அடித்தால் தடம் நிற்காது என்று கண்டுபிடித்தேன். இரண்டு வருடம் துண்டுதான். எனக்கு அது சுத்தமாக மறந்து போயிருந்தது. அவள் மனசுக்கும் மறந்திருக்கும், இல்லாவிட்டால் என் கையில் அதைக் கொடுத்திருக்க மாட்டாள். உடம்புக்கு மறக்கவில்லை.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

"இன்னாடி? இப்ப அடிச்சிட்டனா உன்ன?"

"இல்லமா. சும்மா" என்றாள், இன்னும் திரும்பாமல்.

"சும்மான்னா? இன்னாத்துக்குச் சுருண்டுகினு நிக்கிற? நாலு நாளா பாத்துகினுதான கீற, தொட்டனா உன் புள்ளைய? சொல்றீ. தொட்டனா?"

"கத்தாதம்மா. பாப்பா பயப்படுது."

"பயப்படட்டும்" என்று சொல்லித் துண்டு மூட்டையை விசிறியடித்தேன். கண்ணாடிப் பாத்திரம் மேடையில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வீசினேன். பாத்திரம் மேடையை விட்டுப் பறந்து சுவரில் மோதித் தரையில் வெடித்தது. சமையலறை முழுக்கக் கண்ணாடியும் பச்சை இலையும். ஒரு சில்லு என் கால் பெருவிரலைக் கிழித்தது, வலி தெரியவில்லை.

வெடித்த சத்தத்தில் மகளின் பிடி தளர்ந்திருக்கிறது. குழந்தை அவள் இடுப்பிலிருந்து வழுக்கித் தரையில் இறங்கிவிட்டது. அழவில்லை. தரையில் பச்சையாக என்னவோ கிடப்பதைப் பார்த்து, தத்தித் தத்தி நேரே கண்ணாடிக்குள் நடந்து வந்தது. மகள் கத்தினாள். எனக்குத்தான் குழந்தை கிட்டே இருந்தது. எட்டி அதன் வலது மணிக்கட்டைப் பிடித்தேன், ஒரே கையால் வெடுக்கென்று மேலே தூக்கினேன். முழங்கைக்குள் ஏதோ நழுவியது என் விரலுக்குத் தெரிந்தது.

குழந்தை முதலில் மூச்சை உள்ளே இழுத்தது. அப்புறம் அலறியது. கை தொங்கிப் போயிற்று.

மகள் கண்ணாடி மேலேயே நடந்து வந்தாள். இடது கையால் குழந்தையைப் பிடுங்கினாள், வலது கையால் என் கன்னத்தில் அறைந்தாள். சின்ன அறை இல்லை. காது ஞொய்யென்றது, தலை கதவு நிலையில் இடித்தது. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கி, அந்தக் கையைத் தானே பார்த்து, இறக்கிக்கொண்டாள். செருப்புப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். அவள் குதிகாலிலிருந்து இரத்தம் கூடம் முழுக்கப் புள்ளி வைத்திருந்தது. அதன் மேலேயே மிதித்துக்கொண்டு நானும் ஓடினேன்.

ஆட்டோவில் என்னை ஏற்றச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஏறினேன். குழந்தை அழுதுகொண்டே வந்தது. இடது கையால் மட்டும் அம்மாவின் சட்டையைப் பிடித்திருந்தது. வலது கையை அசைக்கவே இல்லை. இனி இந்தக் கை இப்படியே போய்விடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மகள் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஒரு நியாயம் கைவசம் இருந்தது, ஆட்டோ போகும் வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் மிதிக்காமல் காப்பாற்றத்தானே இழுத்தேன்? அது உண்மைதான். ஆனால் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்க நேரம் இருந்தது. குழந்தை ஓடி வரவில்லை, தத்தி வந்தது. துண்டை வீசிய கோபம் என் கையை விட்டு இன்னும் இறங்கியிருக்கவில்லை. அந்தக் கோபம்தான் இழுத்தது.

ஆவடியில் தெருவோரக் கிளினிக். உள்ளே ஒரு டாக்டரம்மா, வயது மகளை விடக் குறைவாக இருக்கும். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"விழுந்துட்டா டாக்டர்" என்றாள் மகள். "கட்டில்ல வெளயாடிகினு இருந்தா. எறங்கறப்ப கால் வழுக்கி, கைய ஊனிகினு விழுந்துட்டா."

தடங்கல் இல்லாமல் வந்தது. எந்தக் கட்டில், எப்படி வழுக்கியது, கை எந்தப் பக்கம் ஊன்றியது என்று எல்லாம் தயாராக இருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது இன்றைக்கு யோசித்த பொய் இல்லை. எத்தனை டீச்சரிடம், எத்தனை வருடம், மாடிப்படி, சைக்கிள், பஸ் என்று இடத்தை மட்டும் மாற்றி மாற்றி இவள் இதைச் சொல்லியிருப்பாள். ஒரு டீச்சராவது என் வீட்டுக் கதவைத் தட்டாமல் போனதற்கு இதுதான் காரணம். சற்று முன் என்னை அறைந்தவள்தான் இவள். அப்படியும், என்னை யாராவது கேள்வி கேட்டதும் அவள் வாய் தானாக முன்னால் வந்து நின்றது.

"பொய் டாக்டர்" என்றேன். "விழல. நான்தான் ஒத்தக் கையப் புடிச்சி இழுத்தேன். கோவத்துல இழுத்தேன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா என் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தாள், கீழே எங்கள் இரண்டு பேருடைய கால் இரத்தத்தையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சின்னப் புள்ளைங்கள ஒரு கையப் புடிச்சுத் தூக்கவே கூடாதும்மா. அக்குளுக்குக் கீழ ரெண்டு கையும் குடுத்துத்தான் தூக்கணும்" என்றாள். பிறகு குழந்தையின் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி, மணிக்கட்டைத் திருப்பி மடக்கினாள். டக்கென்று ஒரு சத்தம். குழந்தை ஒரு பெரிய அலறல் அலறியது. பத்து நிமிடம் பொறுத்து, மேஜையில் இருந்த பேனாவை வலது கையால் எடுத்தது. அதைப் பார்த்து மகள் முதல் முறையாக அழுதாள். டாக்டரம்மா அவள் குதிகாலிலிருந்து சில்லை எடுத்துக் கட்டுப் போட்டாள், எனக்கும் ஒரு கட்டு.

"மறுபடியும் நழுவ வாய்ப்பு உண்டு. கொஞ்ச மாசத்துக்கு ஜாக்கிரதையா பாத்துக்கணும்" என்று பொதுவாகச் சொன்னாள். யார் பார்த்துக்கொள்வது என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்தாள். நான் சமையலறையைப் பெருக்கினேன். பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். மேடைக்கு அடியில் இன்னும் இரண்டு சில்லு இருந்தது. சிதறிய இலைகளைக் கண்ணாடியோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். இலை அதற்குள் வாடிவிட்டிருந்தது.

அவள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இரண்டாவது லெட்யூஸை எடுத்தாள். கிழித்து, அலசி, மேடையில் துணி விரித்து, ஒவ்வொரு இலையாக ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். சுற்றவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, முதலில் உப்பைத் தூவி, வினிகரைக் கொஞ்சமாகத் தெளித்து, எண்ணெயை நூலாக ஊற்றி, விரல்களால் அடியிலிருந்து மேலாகப் புரட்டினாள். ஒரு இலையும் நசுங்கவில்லை. அவள் வேலை செய்து நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். என் மகளுக்கு அவ்வளவு மெதுவான கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை.

ஆளுக்கொரு தட்டு. கூடத்தில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதலில் புளித்தது, அப்புறம் லேசாகக் கசந்தது, கடைசியில் எண்ணெயும் உப்பும் நாக்கில் நின்றது. மென்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"திங்கக்கெழம காத்தால ஏழு மணிக்கெல்லாம் கொண்டாந்து உட்டுர்றேன்மா" என்றாள்.

எனக்கு மெல்வது நின்றுவிட்டது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ டாக்டர்கிட்ட உண்மைய சொன்ன. அது போதும் எனக்கு. இனிமே பாத்து நடந்துக்குவ."

நான் கேட்க ஆசைப்பட்டது அந்த வார்த்தைதான். நாலு நாள் பல்லைக் கடித்தது அதற்காகத்தான். காலையில் எண்ணெய் தேய்ப்பது, மத்தியானம் பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுப்பது, சாயந்தரம் இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வரைக்கும் போய் வருவது என்று நான் கட்டிவைத்திருந்த நாளெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மை சொன்னதற்குக் கூலியாக அதை வாங்கிக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்திலும் நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வேணாம்டி" என்றேன். "என்கிட்ட உடாத. அந்தக் காப்பகத்துலயே சேத்துடு. ஞாயித்துக்கெழம நீ கூட இருக்கறப்ப இட்டுகினு வா, பாக்கறேன்."

ஏன் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். பரவாயில்லம்மா, நான் நம்புறேன் என்று ஒரு தடவையாவது சொல்வாள், நான் மறுபடியும் மறுப்பேன் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. புதன்கிழமையிலிருந்து காதுவரை தூக்கியே இருந்த அவள் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டாள். பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இன்னும் கொஞ்சம் இலையைப் போட்டுக்கொண்டு, பசியோடு சாப்பிட ஆரம்பித்தாள்.